நூற்று முப்பது என்று எழுதினேன்

என் ஓரகத்திக்கு எட்டாம் மாதத்தில் பிரஷர் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆஸ்பத்திரி ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். பிரஷர் அறுபது வயதில் வருவது, கோபக்காரர்களுக்கு வருவது, அப்படிப் பார்த்தால் எனக்கல்லவா வரவேண்டும் என்று நினைத்தேன். இவளுக்கு இருபத்து நான்கு வயது. குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. காலையில் கொழுந்தனே காபி போட்டுக் கையில் கொடுப்பான். இவளுக்கு என்ன பிரஷர்?

நான் இரண்டு பெற்றவள். ஒன்பதாம் மாதம் வரை நர்சரிப் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்து, கூடத்தைத் துடைத்து, ஐந்து பேருக்குச் சமைத்தவள். என் கால் வீங்கியபோது யாரும் பார்க்கவில்லை. இவள் கால் வீங்கியதற்கு மொத்த வீடும் குனிந்து பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நல்லவள் வேஷம் போட எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் வீடு சாரம் என்ற பகுதியில் இருக்கிறது. மாமனார் மில் வேலையில் இருந்தபோது கட்டியது. கீழே நான், என் வீட்டுக்காரர், இரண்டு பையன்கள், மாமியார். மாடியில் கொழுந்தனும் அவளும். கொழுந்தனுக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆம்லெட் போடுவான், வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டிக்குக் காபி போடுவான். அவளுக்கு அம்மா இல்லை. அப்பா விழுப்புரத்துப் பக்கம் கிராமத்தில் தனியாக இருந்தார். அதனால் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போக வழியில்லை, எங்களோடுதான் இருந்தாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அந்த 'அக்கா'வில் கலப்படம் எதுவும் இருந்ததில்லை.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "உப்பு, ஊறுகா, கருவாடு கூடாது. மாத்திரைய விடக் கூடாது. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ வீட்லயே பிரஷர் பார்த்து எழுதிக்கிட்டு வாங்க. நூத்தம்பது தாண்டினா, தலைவலி வந்தா, கண்ணு மங்கினா, மேல் வயிறு வலிச்சா, போன்கூட பண்ண வேணாம். நேரா வந்து சேர்ந்துடணும். அன்னைக்கே குழந்தைய வெளியில எடுத்துடுவேன். இல்லன்னா ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

"யாரு எழுதுவீங்க?" என்று கேட்டார். அவள் உடனே என் கையைப் பிடித்தாள். "அக்கா டீச்சர். இப்ப லீவு. அவங்க எழுதுவாங்க."

கோடை விடுமுறை. காலாட்டிக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். எனக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது.

கொழுந்தன் மிஷின் வாங்கி வந்தான். பையனுடைய கோடுபோட்ட நோட்டு ஒன்றை எடுத்தேன். தேதி நீல மையில், காலை, மாலை என்று இரண்டு கட்டம், எண்கள் சிவப்பு மையில். வேலை என்று வந்துவிட்டால் நான் ஒழுங்காகத்தான் செய்வேன். முதல் நாள் அவள் கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினேன். 148 என்று வந்தது. அவள் முகம் சின்னதாகிப்போனது.

"படியேறி வந்தல்ல, அதான். கொஞ்சம் மூச்சு விடு, மறுபடி பார்க்கலாம்" என்றேன்.

இரண்டாவது தடவை 143. மூன்றாவது தடவை 136. மூன்றாவதை எழுதினேன். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். நல்ல எண் வரும்வரை அழுத்திக்கொண்டே இருப்போம், வந்ததும் எழுதுவோம். பிள்ளைகள் கணக்கைத் தப்பாகப் போட்டால் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வதில்லையா, அதுமாதிரிதான் எனக்குப் பட்டது. அவளும் கூட்டாளிதான். "இன்னொரு தடவக்கா" என்று அவளே கையை நீட்டுவாள். அதுவரை நடந்தது முட்டாள்தனம். அதற்கு மேல் நடந்ததற்கு வேறு பெயர்.

என் மாமியாருக்கு ஒரே ஒரு பயம் உண்டு, சித்திரை. சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது. ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதே அதற்குத்தானே? இவளை அனுப்ப அம்மா வீடு இல்லை, இங்கேயே இருந்துவிட்டாள். "ஆடியில அனுப்பறதுக்கு ஒரு போக்கிடம் இல்ல, வந்து வாச்சுது பாரு" என்று மாமியார் அப்போதே இடித்தாள். நல்லகாலமாக ஆடி முடிந்த பிறகே உண்டானாள், டாக்டர் குறித்த தேதி வைகாசி முதல் வாரத்தில் விழுந்தது. இப்போது பிரஷரால் முன்னாலேயே எடுத்துவிட்டால் சித்திரையாகிவிடும்.

இந்த வீட்டில் சித்திரைப் பிள்ளை ஏற்கெனவே ஒன்று இருந்தது. என் மூத்தவன். அவன் பிறந்த அதே வருஷம் மார்கழியில் மாமனார் மாரடைப்பில் போனார். அன்றிலிருந்து மாமியார் அவனுக்கு வைத்த பெயர், தாத்தாவை முழுங்கினவன். சண்டையில் சொல்வதல்ல, சாதாரணமாகச் சொல்வாள். "தாத்தாவ முழுங்கினவனே, சாப்ட வா." எட்டு வயசுப் பையன் அதற்கு 'வரேன் ஆயா' என்று பதில் சொல்லப் பழகியிருந்தான். என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்ததே இல்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்.

ஒருநாள் மதியம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாமியார் பக்கத்தில் வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணு, நோட்ல நீதான எழுதற?"

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என்னைக் கண்ணு என்று அன்றுதான் கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையாவது கூப்பிடுகிறாளோ என்று.

"ஆமா அத்தை."

"நூத்தம்பதுன்னு மட்டும் எழுதிடாத. எழுதினா அந்த டாக்டரு அன்னைக்கே வயித்தக் கிழிச்சிடுவா. வைகாசி ஒண்ணு பொறக்கட்டும். இன்னும் பதினோரு நாளு. இத்தினி மாசம் உள்ள இருந்துது, பதினோரு நாளு இருக்காதா?"

"ஏறினா ஆபத்துன்றாங்களே அத்தை."

"எனக்கு அஞ்சு பொறந்துது. எவன் மிஷின் வெச்சிப் பார்த்தான்? உன் புள்ளைக்கு ஆன மாதிரி இதுக்கும் ஆவணுமா? நீயே சொல்லு."

என் பிள்ளைக்கு ஆனதைச் செய்தவளே அவள்தான். அதை அவள் வாயாலேயே சொல்லி என்னை மடக்கினாள். நான் கையைக் கழுவிக்கொண்டு, "சரி அத்தை" என்றேன்.

ஏன் சரி என்றேன்? பிறக்கப்போகிற பிள்ளைக்கு என் பிள்ளையின் பட்டம் வரக்கூடாது என்று நினைத்தேன், அது உண்மை. அந்தக் கண்ணு என்ற சொல் என்னைக் குளிரவைத்துவிட்டது, அதுவும் உண்மை. இவளை இவ்வளவு தாங்குகிறார்களே, கொஞ்சம் கஷ்டப்படட்டுமே என்று ஒரு மூலையில் இருந்ததே, அதுவும் உண்மைதான். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்று மாலை மிஷினில் 152/98 வந்தது. நான் மிஷினை என் மடியில் என் பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

"எவ்ளோக்கா?"

"நூத்தி முப்பது."

"அப்பாடா" என்று தலையணையில் சாய்ந்தாள். நோட்டில் 130/84 என்று எழுதினேன்.

அடுத்த நாள் 128, அதற்கடுத்து 134, பிறகு 132. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினால் சந்தேகம் வரும் என்று தெரியாதா எனக்கு? பார்த்து எழுதுகிற பிள்ளைகளைப் பிடிக்கிற வேலைதானே செய்கிறேன். எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பது எனக்கு அத்துப்படி. மிஷினில் வந்த நிஜ எண்ணை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன், பிறகு பட்டனை அழுத்தி அணைத்துவிடுவேன். இப்போதெல்லாம் ஒரே தடவைதான். மூன்று தடவை எடுக்க அவசியமில்லாமல் போய்விட்டது. மாமியார் தினமும் என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்பாள், நான் தலையாட்டுவேன். இரவுச் சாப்பாட்டில் மீன் துண்டு முதலில் என் தட்டில் விழுந்தது.

நடுவில் ஒருநாள் டாக்டரம்மாவிடம் காட்டப் போனோம். அங்கே எடுத்தபோது 150/96. அவர் முகம் மாறியது. நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"வீட்ல எல்லாம் நல்லாத்தான இருக்கு" என்றார். "சில பேருக்கு டாக்டரப் பார்த்தாலே ஏறும். யூரின்லயும் பெருசா ஒண்ணுமில்ல. சரி, ஒரு வாரம் பார்க்கலாம். வீட்ல நூத்தம்பது தாண்டினா மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது, புரிஞ்சுதா?" பிறகு என் பக்கம் திரும்பி, "எவ்ளோ நீட்டா எழுதியிருக்கீங்க. எல்லா வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா எங்களுக்கு வேலையே சுலபம்" என்றார்.

அவள் பெருமையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

வைகாசி பிறக்க இன்னும் நான்கு நாள். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அன்று மாலை மாடிக்குப் போனபோது அவள் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். முகம் ஊதி, மோதிரம் விரலில் புதைந்திருந்தது.

"தல ரொம்ப வலிக்குதுக்கா. கண்ணு முன்னாடி என்னமோ மினுக்கு மினுக்குன்னு பறக்குது."

பட்டையைச் சுற்றினேன். 168/110. மிஷினே ஏதோ அடையாளம் காட்டி மின்னியது. பயந்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

"எவ்ளோக்கா?"

"நூத்தி முப்பத்தி நாலு. வெயிலு. ஊருக்கே தலை வலிக்குது, உனக்கு மட்டும் தனியா வலிக்குதா? எல்லாத்துக்கும் ஒரு நடிப்பு."

அவள் துணியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார முயன்றாள். நடிக்கவில்லை என்று காட்டுவதற்காக எழுந்து உட்கார்ந்தாள். நான் கீழே இறங்கி மாமியாரிடம், "நூத்தி அறுபத்தெட்டு காட்டுது அத்தை, பயமா இருக்கு" என்றேன். அவள் முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே, "நாலு நாளு" என்றாள். அவ்வளவுதான். நான் போய் தோசை வார்த்தேன்.

மறுநாள் காலையில் மேல் வயிறு வலிக்கிறது என்றாள். மாமியார் ஓமத்தண்ணீர் கொடுத்தாள். கொழுந்தன் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தான். பதினோரு மணிக்கு நான் மிஷினோடு போனபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, லைட்டப் போடுங்க, இருட்டா இருக்குது" என்றாள். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்வரை விழுந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் மேலே செருகியது, கை மடங்கியது, உடம்பு முழுக்க உதற ஆரம்பித்தது. நாக்கைக் கடித்து ரத்தம் வந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆட்கள் ஏறி வந்தார்கள். ஆம்புலன்ஸ் கதிர்காமத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. போகிற வழியில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது.

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் ஓடி வந்து, "பிரஷர் எவ்ளோ இருந்துது? யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் பொய்யைத்தான் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நார்மலா இருக்குதே?" என்று குழம்பிக்கொண்டே உள்ளே ஓடினார்.

நச்சுக்கொடி உள்ளேயே பிரிந்துவிட்டது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பையன். மூச்சில்லை. நல்ல நீளம், தலை நிறைய முடி, மூக்கு கொழுந்தன் மூக்கு. கொழுந்தன் ஹோட்டல் சட்டையோடு வந்து வாங்கிக்கொண்டான். மாமியார் துண்டை விலக்கி முகத்தைப் பார்த்தாள், அழுதாள், மார்பில் அடித்துக்கொண்டாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு என் காதோரம் சொன்னாள்: "சித்திரைலதான் வந்துது பார்த்தியா. இருந்திருந்தா யார முழுங்கியிருக்குமோ."

அடிப்பாவி என்று அவள் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். நான் அந்தத் துண்டின் நுனியைச் சரி செய்தேன்.

ஓரகத்தி ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். வலிப்பு மறுபடி வராமலிருக்க ஊசி மாற்றி ஊசி. இரண்டு நாள் கண் சரியாகத் தெரியவில்லை, ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். என் குரல் கேட்டதும் முதலில் கேட்டது, "அக்கா, கொழந்த யாரு மாதிரி?" கொழுந்தன் வெளியே போய்விட்டான். பதில் சொல்கிற வேலையும் எனக்கே வந்தது. உண்மையைத்தான் சொன்னேன், அதையாவது.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு பால் கட்டிக்கொண்டது. குடிக்க ஆளில்லாமல் மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. மாமியார் மல்லிகைச் சரம் வாங்கி வந்து அவள் மார்பில் வைத்துக் கட்டினாள், பால் வற்றுமாம். கல்யாணப் பெண்போல அறை முழுக்க மல்லிகை வாசம். அவள் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். பிள்ளை போனால் பிரஷரும் போய்விடும் என்று நாங்கள் நினைத்தோம். போகவில்லை. 160, 156, 158 என்று நின்றது. மூன்று வேளை மாத்திரை. "புள்ளையே இல்லைன்னு ஆச்சு, இன்னும் இன்னா பிரஷரு இவளுக்கு" என்று மாமியார் அவள் காதுபடவே சொன்னாள். பத்தியக் குழம்பு வைக்கவும் மாட்டேன் என்றாள், பெற்றவளுக்குத்தானே பத்தியம் என்று.

பிரஷர் பார்க்க நர்ஸ் ஒருத்தியை ஏற்பாடு செய்யலாம் என்று கொழுந்தன் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். "அக்காவே பார்க்கட்டும். அவங்கதான் கரெக்டா எழுதுவாங்க." அதே நோட்டில், அடுத்த பக்கத்திலிருந்து, நிஜ எண்களை எழுதினேன். ஒருநாளைக்கு இரண்டு தடவை அவள் கையைத் தூக்கிப் பட்டையைச் சுற்றினேன். கை எலும்பாகிக்கொண்டே வந்தது.

ஆறு வாரம் கழித்து டாக்டரம்மாவிடம் போனோம். கொழுந்தன் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். உள்ளே நானும் அவளும்தான். டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி காகிதங்களையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. தினமும் பார்த்திருக்கீங்க, மாத்திர போட்டிருக்க, வலிப்புக்கு முன்னாடி வீட்ல ஒரு நாள்கூட ஏறல. ஏறாமலே வலிப்பு வந்திருக்கு. அபூர்வமா அப்படியும் வரும்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "அடுத்தது எப்ப டாக்டர்?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அதத்தான் யோசிக்கிறேன். பிரஷர் ஏறி வந்திருந்தா, அடுத்த தடவ மொதல்லேர்ந்து மாத்திர குடுத்து, ஏற ஆரம்பிக்கும்போதே பிடிச்சிடலாம். உனக்கு எச்சரிக்கையே இல்லாம வந்திருக்கு. எத வெச்சிப் பிடிக்கிறது? இன்னொரு தடவ இப்படி வந்தா நீ இருக்க மாட்ட. என்னைக் கேட்டா வேணாம். தத்து எடுத்துக்கலாம், நெறைய பேரு எடுக்கறாங்க."

"அப்ப எனக்குப் புள்ளையே கெடையாதா டாக்டர்?"

அந்த நொடியில் எனக்கு வந்த முதல் நினைப்பு, இந்த வீட்டுக்கு என் பிள்ளைகள் மட்டும்தான் இனி என்பது. வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டேன், எழுந்தும்விட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அவள் அழவில்லை. மடியில் இரண்டு கையையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், அந்த நோட்டு பொய்" என்றேன்.

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "என்னது?"

"பிரசவத்துக்கு முன்னாடி எழுதினது எல்லாம் பொய். ஏறிச்சு. நூத்தி அறுபத்தெட்டு வரைக்கும் ஏறிச்சு. சித்திரைல எடுத்துடுவீங்கன்னு கம்மியா எழுதினேன்."

அவர் எழுந்துவிட்டார். இப்படி ஒரு கோபத்தை நான் எந்த டாக்டரிடமும் பார்த்ததில்லை. "படிச்சவதான நீ? டீச்சர்தான? பிள்ளைங்களுக்கு நீ சொல்லிக்குடுக்கறியா? ஒரு உயிரக் கொன்னுட்டு ஆறு வாரமா இவ பக்கத்துலயே உக்காந்திருக்கியே, உன்ன போலீஸ்ல குடுக்கணும்" என்று கத்தினார். வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நின்றேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள், நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நெசமா வந்தது எவ்ளோன்னு எழுதுங்க. டாக்டருக்கு வேணும்ல."

எழுதினேன். ஒவ்வொரு பொய்யையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் நிஜத்தை எழுதினேன். ஒன்றுகூட மறக்கவில்லை எனக்கு. 152/98. 156/100. 154/98. 160/104. பதினான்கு கட்டம். கடைசிக் கட்டத்தில் 168/110 என்று எழுதியபோது அவள் விரலை அந்த இடத்தில் வைத்தாள்.

"இது தல வலிக்குதுன்னு சொன்ன அன்னைக்கா?"

"ஆமா."

"அன்னைக்கே கூட்டிக்கிட்டு வந்திருந்தா அவன் இருந்திருப்பானா டாக்டர்?"

டாக்டரம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருந்திருப்பான்" என்றார்.

அதன் பிறகு டாக்டர் பேசியதெல்லாம் அவளிடம்தான். அப்படியானால் கதையே வேறு, இரண்டு வருஷம் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா, மூன்றாம் மாதத்திலிருந்தே என் கையில் இரு, பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து படியிறங்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல், எப்போதும் பேசுகிற அதே சின்னக் குரலில் சொன்னாள்:

"எனக்குப் பொறக்கப்போற கொழந்தைய நீங்க தொடக் கூடாது. என்னைக்குமே."

"சரி" என்றேன்.

வீட்டில் அன்று நடந்ததை விவரிக்க ஒன்றுமில்லை. கொழுந்தன் என்னை அடிக்க வந்தான், என் வீட்டுக்காரர் நடுவில் நின்றார், பிறகு அவரும் என்னோடு நான்கு மாதம் பேசவில்லை. மாமியார் மட்டும் அசரவில்லை. "நானா எழுதச் சொன்னேன்? எனக்கு நம்பரு தெரியுமா, நோட்டு தெரியுமா? படிச்ச மகராசி இவ பண்ண வேல" என்று கூடத்தின் நடுவில் நின்று கையை விரித்தாள். அவள் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. சிவப்பு மையில் எழுதிய கை என்னுடையது. தனிக்குடித்தனம் போக அவர்களுக்கும் வசதியில்லை, எங்களுக்கும் இல்லை. அதே வீட்டில், அவர்கள் மேலே, நாங்கள் கீழே என்று இருக்கிறோம்.

அடுத்த பிரசவத்தில் அவளே தன் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, அவளே எழுதினாள். பெண் குழந்தை. முப்பத்தேழாவது வாரம், பிரஷர் ஏற ஆரம்பித்த அன்றே எடுத்துவிட்டார்கள். எந்த மாதம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது குழந்தைக்கு மூன்று வயது முடியப்போகிறது. என் மூத்தவன் தூக்கிக்கொண்டு திரிகிறான், சின்னவன் சைக்கிளில் வைத்துச் சுற்றுகிறான், மாமியார் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். மாமியாருக்குத் தடையில்லை. எனக்கு மட்டும்தான். குழந்தைக்கு இதெல்லாம் தெரியுமா? பெரீம்மா, பெரீம்மா என்று என் புடவையை இழுக்கிறது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவேன்.

போன வெள்ளிக்கிழமை காலை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் அது தனியாக இறங்கி வந்தது. கடைசி மூன்று படியில் கால் மடங்கி முகம் குப்புற விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம். எனக்கும் அதற்கும் நான்கு அடி இருக்கும். கீழே வேறு யாரும் இல்லை. "பெரீம்மா" என்று இரண்டு கையையும் என்னை நோக்கித் தூக்கிக்கொண்டு அலறியது. நான் ஓடிப்போய் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். "ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்ல, இதோ அம்மா வரா" என்றேன். கையை என் முட்டியின் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டு, மாடியைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மூன்று தடவை கத்தினேன். தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, இறங்கி வர நேரமானது. அதுவரை குழந்தை கையைத் தூக்கிக்கொண்டேதான் இருந்தது.

அவள் ஓடி வந்து வாரி எடுத்தாள். முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள். அதன் சட்டையை, கையை, காலைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள்.

"தொட்டீங்களா?"

"இல்ல."

"சரி" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே போனாள்.